620 கிலோவுக்குள் ஒரு வீடு

எடைமேடையில் கொடுத்த சீட்டில் 2,290 என்று அச்சாகியிருந்தது. டீசல் தொட்டி நிறைந்திருந்தது. வண்டிக்குள் ஆள் யாரும் இல்லை. பின்தொட்டியில் ஒரு கயிறுகூட இல்லை. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகருக்கு வெளியே ஒரு பொது எடைமேடையில், ஒரு சனிக்கிழமைக் காலையில், என் யூட்டின் உண்மையான எடையை முதன்முதலாக அறிந்துகொண்டேன். அதற்கு முன் மூன்று மாதங்களாக நானும் மனைவியும், வண்டியின் முதுகில் ஏற்றிச் செல்லும் சிறு வீடான ஸ்லைடு-ஆன் கேம்பர் தேடி ஒவ்வொரு விற்பனையகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். படுக்கை எந்தப் பக்கம், அடுப்பு உள்ளேயா வெளியேயா, மேல்சுவர் துணியா பலகையா என்றெல்லாம் பேசித் தீர்த்திருந்தோம். அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான், முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலேயே இத்தனை நாளும் அலைந்திருக்கிறோம் என்பது புரிந்தது. எங்கள் வண்டியால் இன்னும் எத்தனை கிலோ சுமக்க முடியும் என்பதே அந்தக் கேள்வி.

யூட் என்பது, முன்பாதி காரைப் போலவும் பின்பாதி திறந்த தொட்டியாகவும் உள்ள சிறு சரக்கு வண்டிக்கு ஆஸ்திரேலியாவில் வழங்கும் பெயர். யுடிலிட்டி என்ற சொல்லின் சுருக்கம் அது. நாங்கள் வாழும் ஜீலாங்கில் பிறந்த வண்டி என்பதில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமல் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்று கிப்ஸ்லாந்து பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்றும், அதை ஏற்று லூயிஸ் பான்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் வரைந்த வண்டி 1934-இல் ஜீலாங் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது என்றும் இங்கே சொல்வார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அந்த அம்மாவின் தேவைதான் எங்கள் தேவையும். நான் மின்பணியாளன், வார நாள்களில் ஏணியும் கம்பிச் சுருள்களும் ஏற்றிச் செல்லும் வண்டி, விடுமுறையில் எங்கள் இருவருக்கும் படுக்கை சுமந்து வர வேண்டும்.

ஸ்லைடு-ஆன் கேம்பர் என்பது அதற்கென்றே அமைந்த சிறு அறை. அதற்குச் சக்கரம் கிடையாது. நான்கு மூலைகளிலும் உள்ள கால்களை நீட்டினால் அது தரையில் தானாக நிற்கும். வண்டியைப் பின்னோக்கி அதன் அடியில் செலுத்தி, கால்களைச் சுருக்கினால் தொட்டியின் மேல் அமர்ந்துவிடும். வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் வாங்கியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். கேரவனுக்குத் தனிப் பதிவு வேண்டும், தனி டயரும் பிரேக்கும் வேண்டும், வீட்டு வாசலில் அதை நிறுத்துவதற்கு எங்களிடம் இடமும் இல்லை. இவற்றையெல்லாம்விட எங்களை ஸ்லைடு-ஆன் பக்கம் இழுத்தது டாஸ்மேனியா. ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியா கப்பல் 2022 அக்டோபர் முதல் மெல்பர்னை விட்டு ஜீலாங்கிலிருந்து புறப்படுகிறது. துறைமுகம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கப்பலில் வண்டிக்கான கட்டணம் நீளத்தைப் பொறுத்தது. பின்னால் ஒன்றை இழுத்துச் சென்றால் நீளம் கூடும். முதுகில் சுமந்து சென்றால் பெரும்பாலும் கூடாது.

இனி கணக்குக்கு வருகிறேன். இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நாங்கள் பார்த்த விற்பனையகங்களில் ஒன்றில்கூட இதை யாரும் முழுமையாகப் போட்டுக் காட்டவில்லை.

ஒவ்வொரு வண்டிக்கும் ஜிவிஎம் என்ற வரம்பு உண்டு. ஆள், எரிபொருள், சரக்கு எல்லாம் சேர்த்து வண்டி எவ்வளவு எடை வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் உறுதியளிக்கும் எண் அது. எங்கள் வண்டி நான்கு கதவுகள் கொண்ட டூயல் கேப், நான்கு சக்கர இயக்கம். அதன் ஜிவிஎம் 3,050 கிலோ. தொழிற்சாலையிலிருந்து வரும்போது எரிபொருள் நிறைத்த எடை 2,110 கிலோ என்று கையேடு சொல்கிறது. ஆகவே 940 கிலோ சுமக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். ஏறக்குறைய ஒரு டன்! ஆனால் வாங்கிய பின் நான் பொருத்திய எஃகு முன்தடுப்பு, இழுவைக் கொக்கி, அடித்தகடுகள், இரண்டாவது பேட்டரி, கனமான டயர்கள் ஆகியவை சத்தமில்லாமல் 180 கிலோவைத் தின்றுவிட்டன. எடைமேடை சொன்ன 2,290-ஐக் கழித்தால் மீதி 760. அதில் எங்கள் இருவரின் எடை 140. எஞ்சியது 620 கிலோ. கேம்பர், அதற்குள் தண்ணீர், சமையல் வாயு, உணவு, துணிமணி, போர்வை, மண்வெட்டி, வண்டியை மணலிலிருந்து மீட்கும் பட்டைகள் என அத்தனையும் அந்த 620-க்குள் அடங்க வேண்டும்.

வண்டியின் விவரங்களைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இங்கே டேர் எடை என்று குறிப்பிடுவது 10 லிட்டர் எரிபொருளோடு உள்ள எடை. கெர்ப் எடை என்பது தொட்டி நிறைய எரிபொருளோடு உள்ள எடை. இரண்டுக்கும் இடையில் ஐம்பது, அறுபது கிலோ வேறுபாடு வரும். விளம்பரத்தில் எந்த எண்ணிலிருந்து கழித்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் சுமைத்திறனை நம்பக் கூடாது.

நாங்கள் மனம் பறிகொடுத்த முதல் கேம்பர் சுற்றிலும் கெட்டிச் சுவர் கொண்டது. உள்ளே நின்றுகொண்டு சமைக்கலாம், மேசையில் எதிரெதிராக அமர்ந்து சாப்பிடலாம், சன்னல் கண்ணாடியும் இரட்டை அடுக்கு. என் மனைவி அதன் படுக்கையில் இருபது நிமிடம் படுத்துப் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்றாள். அதன் தகவல் தாளில் 520 கிலோ என்று போட்டிருந்தது. 620-க்குள் இருக்கிறதே என்று எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த 520 வெறும் கூட்டுக்கு மட்டுமான எடை. நாங்கள் நின்று பார்த்த அந்த மாதிரியில் இருந்த பக்கப்பந்தல், குளிர்பெட்டி, சூரியத் தகடு, பேட்டரி, நிரம்பிய இரண்டு வாயு உருளைகள் எல்லாம் தனிச் சேர்க்கைகள். ஒவ்வொன்றின் எடையையும் கேட்டு எழுதிக் கூட்டினேன், 115 கிலோ வந்தது. தண்ணீர்த் தொட்டி 80 லிட்டர், அதாவது 80 கிலோ. எங்கள் சாமான்களுக்கு 110. ஆக மொத்தம் 825 கிலோ. அனுமதிக்கப்பட்டதைவிட 205 கிலோ அதிகம்.

இதை அந்த விற்பனையாளரிடம் காட்டினேன். பின் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையில் காற்றுப்பைகள் பொருத்திக்கொண்டால் வண்டி தாழாது, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அவர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனாலும் அது ஆபத்தான அறிவுரை. காற்றுப்பை வண்டியின் பின்பகுதியை உயர்த்திக் காட்டுமே தவிர, சட்டப்படி சுமக்கக்கூடிய எடையை ஒரு கிலோகூடக் கூட்டாது. அதோடு, ஸ்பிரிங் பட்டையானது பாரத்தை அதன் முன்முனை, பின்முனை ஆகிய இரண்டு இடங்களில் அடிச்சட்டத்துக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. காற்றுப்பை இடையில் ஓர் இடத்தில் அழுத்துகிறது. பாரம் பின் அச்சுக்குப் பின்னால் தொங்க, அந்த ஒரே இடம் முட்டுக்கட்டையாக நிற்க, பள்ளத்தில் வண்டி விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் சட்டம் அங்கே வளைகிறது. தொட்டிக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையில் முதுகு முறிந்ததுபோல் வளைந்து நிற்கும் டூயல் கேப் வண்டிகளின் படங்களை இந்த நாட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

எத்தனை கிலோ என்பதற்கு அடுத்தபடியாக, அது எந்த இடத்தில் அமர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். எங்கள் சொந்த ஊரில் வைக்கோல் வண்டி ஓட்டிய தாத்தாவுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பாரம் ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரமாக இருந்தால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்பாரமாக இருந்தால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டு கட்டு வைக்கோலை இடம் மாற்றிப் போட்ட பிறகே வண்டியைக் கிளப்புவார். யூட்டிலும் அதே கதைதான். பின்பாரம் கூடினால் முன்சக்கரங்கள் இலேசாகும். திருப்பும் பிடிப்பும் நிறுத்தும் பிடிப்பும் பெரும்பகுதி முன்சக்கரங்களில்தான் இருக்கின்றன.

டூயல் கேப் வண்டியின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. நான்கு கதவுகளுக்கு இடம் கொடுத்ததால் பின்தொட்டியின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். சக்கர வளைவுகளுக்கு இடையில் அகலம் 1.1 மீட்டர் அளவில் இருக்கும். இரண்டே கதவுள்ள சிங்கிள் கேப் வண்டியில் தட்டையான டிரே 2.4 மீட்டர் அளவில் கிடைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட எக்ஸ்ட்ரா கேப் வகையில் 2.1 மீட்டர் அளவில் கிடைக்கும். டூயல் கேப்பில் 2 மீட்டர் நீளக் கேம்பரை வைத்தால் மீதி அரை மீட்டர் பின்னால் தொங்கும். அதன் எடையின் நடுப்புள்ளி பின் அச்சைத் தாண்டிப் பின்னால் போய்விடும். முதல் கேம்பரில் அந்தப் புள்ளி அச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் வரும் என்று அளந்து கணக்கிட்டேன். எங்கள் வண்டியின் இரு அச்சுகளுக்கும் இடையில் 3.1 மீட்டர். 825 கிலோ பாரம் அந்த இடத்தில் அமர்ந்தால், நெம்புகோல்போல் முன் அச்சிலிருந்து 53 கிலோவைத் தூக்கிப் பின் அச்சின் மேல் போட்டுவிடும்; வண்டியின் சொந்த எடையில் பின்பங்கும் எங்கள் எடையில் ஒரு பங்கும் சேர்ந்து பின் அச்சு 1,898 கிலோ சுமக்கும். அதன் வரம்பு 1,850. மொத்த வரம்பும் மீறல், அச்சு வரம்பும் மீறல், முன்சக்கரமும் இலேசு. அன்று இரவு மனைவியிடம் தாளைக் காட்டினேன். இரட்டைக் கண்ணாடிச் சன்னலை மறந்துவிடுவோம் என்று அவளே சொன்னாள்.

வண்டியை இன்னும் வாங்காதவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான். இருவர் மட்டுமே பயணம் செய்வதாக இருந்தால் எக்ஸ்ட்ரா கேப் வாங்குங்கள். பின்னிருக்கை வெறும் பைகளுக்கு என்றாகிவிட்ட எங்கள் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம், அந்த அறுபது சென்டிமீட்டரைத் தொட்டிக்குக் கொடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜிவிஎம் வரம்பையே உயர்த்திக்கொள்ளும் வழியும் உண்டு. மாற்று ஸ்பிரிங்குகளும் அதிர்வுதாங்கிகளும் பொருத்தி, சான்றளிக்கப்பட்ட புதிய வரம்பைப் பெறலாம். புதிய வண்டியை முதன்முதலாகப் பதிவு செய்வதற்கு முன்பே செய்தால் அது நாடு முழுவதும் செல்லுபடியாகும். பதிவான வண்டிக்கு அந்தந்த மாநிலத்தின் விதிப்படி பொறியாளர் சான்று வாங்க வேண்டும். விக்டோரியாவில் அதற்கென வாஸ் என்ற ஒப்புதல் முறை இருக்கிறது. இது நேர்மையான, சட்டப்படியான வழி. ஆனாலும் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. சான்று கூடினாலும் அடிச்சட்டத்தின் இரும்பு பழைய இரும்புதான். வரம்பின் விளிம்பிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதைவிட, சுமையைக் குறைத்துக்கொள்வது எனக்கு நிம்மதியாகப் பட்டது.

எனவே தேடலைத் தலைகீழாகத் தொடங்கினோம். தண்ணீருக்கு 50, சாமான்களுக்கு 95, வாயுவுக்கு 10, எதிர்பாராதவற்றுக்கு 100 என்று ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள 365 கிலோவுக்குள் அனைத்துப் பொருத்துதல்களோடும் உள்ள கேம்பர் எது என்று கேட்டோம். பெரும்பாலானவை அந்த ஒரே கேள்வியில் கழன்றுவிட்டன. எஞ்சியவை எல்லாம் பாப்-டாப் வகை. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நின்ற பிறகு கூரையைத் தூக்கினால் மேல்பாதிச் சுவர் தடித்த துணியாக விரியும். இந்த வகையில் எடை குறைவது மட்டுமன்றி உயரமும் குறைகிறது. கெட்டிச் சுவர்க் கேம்பரை ஏற்றிய வண்டி 3 மீட்டரை நெருங்கும். பாப்-டாப் ஏற்றிய எங்கள் வண்டி 2.35 மீட்டர். காற்று எதிர்க்கும் நெடுஞ்சாலையில் டீசல் செலவிலும், மரக்கிளை தாழ்ந்த காட்டுப் பாதையிலும் இந்த வேறுபாடு ஒவ்வொரு மணி நேரமும் தெரிகிறது.

துணிச்சுவரால் வரும் இழப்புகளையும் சொல்லிவிட வேண்டும். குளிர் உள்ளே வரும். இரவில் நம் மூச்சின் ஈரம் துணியின் உட்புறத்தில் வியர்த்து நிற்கும். மெத்தைக்கு அடியில் பலகை மட்டும் இருந்தால் அந்த ஈரம் மெத்தையின் அடியில் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். இடைவெளி விட்ட மரச்சட்டங்களின் மேல் மெத்தையை வைப்பது அவசியம். குளிருக்கு டீசல் சூடேற்றி பொருத்தியிருக்கிறோம். அதன் புகைக்குழாய் வண்டியின் பக்கவாட்டில், காற்றை உள்ளிழுக்கும் இடத்திலிருந்து விலகி முடிய வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி தலைமாட்டின் அருகில் இருக்க வேண்டும். மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு தூங்குகிறவரை எழுப்பாது. இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுப்பை வெளியே வைப்பது என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துணிச்சுவருக்குள் ஒரு முறை கடுகும் மிளகாயும் தாளித்தால் அடுத்த மூன்று இரவுகளும் அந்தக் காரத்துக்குள்தான் படுக்க வேண்டும். பின்கதவின் அருகே வெளியில் இழுத்து வைக்கும் இரட்டை அடுப்பு, அதற்கு மேல் மழைக்கு ஒரு பந்தல். இட்லிக் குண்டான் நிற்கும் அளவுக்கு அகலம் இருந்தால் போதும் என்பதே மனைவி வைத்த நிபந்தனை. படுக்கைக்கு ஏறும் படியைப் பற்றியும் அவளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஓட்டுநர் அறைக்கு மேல் நீண்டிருக்கும் படுக்கைக்கு ஏற, இடையில் ஒரு திண்டு இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய முழங்கால்களுக்கு இது பெரிய செய்தி.

எங்களுக்கான கேம்பர் பல்லாரட் அருகே ஒரு முதிய தம்பதியிடம் கிடைத்தது. ஏழு ஆண்டுகள் பயன்படுத்தியிருந்தார்கள். இனி ஏறி இறங்க முடியவில்லை என்பதால் விற்கிறோம் என்றார் அந்தப் பெரியவர். பழைய கேம்பரில் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். மரச்சட்டத்தின் மேல் தகடு ஒட்டிய கட்டுமானமாக இருந்தால், கூரை மூலையில் ஒரு துளி கசிந்தாலும் அது உள்ளுக்குள் மரத்தை அரிக்கும். வெளியே பளபளப்பு குறையாது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் சில இடங்களில் ஒலி மந்தமாகும். கதவைச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டுத் திறந்தால் புளித்த வாடை அடிக்கும். அவர்களுடையது பற்றவைத்த அலுமினியச் சட்டம். அதற்கு வேறு நோய்: மண்பாதைகளின் நெளிவுகளில் பல்லாயிரம் முறை அதிர்ந்து, பற்றவைப்பின் ஓரத்தில் முடிபோன்ற விரிசல் விடும். விளக்கு வைத்துக்கொண்டு நான்கு கால்கள் பொருத்தப்பட்ட மூலைகளையும் அரை மணி நேரம் பார்த்தேன். ஒரே ஒரு மூலையில் முன்பு விரிசல் விட்டுத் திரும்பப் பற்றவைத்த தடம் இருந்தது. நான் கேட்பதற்கு முன் அவரே அதைக் காட்டினார்.

பிறகு நான் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டேன்: எடைமேடைக்கு வர முடியுமா? அவர் உடனே இசைந்தார். தம் வண்டியில் கேம்பரோடு ஒரு முறை, வீட்டுக்கு வந்து இறக்கி வைத்துவிட்டு ஒரு முறை என இரண்டு முறை ஏறினோம். தண்ணீரும் வாயுவும் இல்லாமல், குளிர்பெட்டி, பேட்டரி, பந்தல் எல்லாம் உட்பட வேறுபாடு 345 கிலோ. ஒரு புதிய கேம்பரின் பளபளப்பான தாளில் அச்சடித்த எந்த எண்ணையும்விட, அழுக்குப் படிந்த அந்த இரண்டு சீட்டுகள் எனக்கு மதிப்புள்ளவையாக இருந்தன. விலை பேசவில்லை, கேட்டதைக் கொடுத்தோம்.

ஏற்றுவதும் இறக்குவதும் எளிது என்று சொல்கிறார்கள். பழகிய பிறகுதான் அது எளிதாகிறது. முதல் முறை எனக்கு ஒன்றரை மணி நேரமானது. இப்போது இருபத்தைந்து நிமிடம். கால்கள் நிற்கும் தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். மண்தரையில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் பலகை வேண்டும். காற்று பலமாக இருக்கும் நாளில் உயரத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது. வண்டியைப் பின்னால் செலுத்தும்போது இருபுறமும் மிஞ்சும் இடைவெளி நான்கு விரற்கடை. ஓட்டுநருக்கு வழி சொல்ல வெளியே ஒருவர் நிற்பதும், இருவரும் முன்கூட்டியே கைச்சைகைகளை ஒத்துக்கொள்வதும் வீட்டு அமைதிக்கு நல்லது.

கட்டும் முறையில் நான் பிடிவாதமாக இருந்தேன். தொட்டியின் அடித்தகடு மெல்லியது; அதில் துளையிட்டு வளையம் மாட்டிக் கேம்பரைக் கட்டினால், அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது தகடே கிழிந்து வந்துவிடும். ஆஸ்திரேலியாவின் சுமைக்கட்டு வழிகாட்டி, முன்னோக்கிய திசையில் சுமையின் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கு விசையையும், மேல்நோக்கி 0.2 பங்கு விசையையும் கட்டு தாங்க வேண்டும் என்கிறது. சாமான்களோடு 500 கிலோ உள்ள எங்கள் கேம்பருக்கு முன்னோக்கி மட்டும் 400 கிலோவுக்கு ஈடான பிடிப்பு தேவை. ஆகவே நான்கு முறுக்குக் கொக்கிகளையும் அடிச்சட்டத்தோடு திருகிய தாங்கிகளில் மாட்டியிருக்கிறோம். கரடுமுரடான பாதையில் வண்டியின் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கேம்பர் முறுக்கிக்கொள்ளாது. அந்த வேறுபாட்டை விழுங்குவதற்காக அடியில் தடித்த ரப்பர் விரிப்பு. முதல் ஐம்பது கிலோமீட்டரில் கட்டுகள் நிச்சயம் தளரும். நிறுத்தி இறுக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மின்சாரம் என் தொழில் என்பதால் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத ஆசை, அடக்கிக்கொள்கிறேன். பழைய ஈய பேட்டரி 100 ஆம்பியர்-மணி அளவில் ஏறத்தாழ 30 கிலோ. அதே அளவு லித்தியம் பேட்டரி 12 கிலோ. எடை பார்ப்பவர்களுக்கு முடிவு தெளிவு. ஆனால் 2022-இல் வெளிவந்த ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 என்ற தர விதிப்படி, லித்தியம் பேட்டரியை ஆள் தங்கும் அறைக்குள் திறந்தபடி வைக்க முடியாது. உள்ளறையிலிருந்து காற்றுப் புகாமல் பிரித்து, வெளிப்பக்கம் காற்றோட்டம் உள்ள பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் கேம்பரின் முன்சுவரை ஒட்டியே அமைத்தேன், பாரம் முன்னால் வர வேண்டும் என்பதற்காக. இன்றைய டீசல் வண்டிகளில் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தேவைக்கேற்ப மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். வெறும் கம்பியால் இணைத்தால் கேம்பர் பேட்டரி பாதிகூட நிறையாது. இடையில் அந்த மின்னழுத்தத்தைச் சரிசெய்து கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். இணைப்புக்கு 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக், கேம்பரை இறக்கும்போது கழற்றிவிட வசதி.

சட்ட விதிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லைடு-ஆன் கேம்பர் இங்கே சுமையாகவே கருதப்படுவதால் தனிப் பதிவு தேவையில்லை. 4.5 டன் ஜிவிஎம் வரை சாதாரணக் கார் உரிமம் போதும். பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி, இரு அச்சுகளின் இடைவெளியில் 60 சதவீதத்தையோ 3.7 மீட்டரையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. எங்கள் வண்டிக்கு அது 1.86 மீட்டர். பின்கதவைக் கழற்றிவிட்டு ஏற்றுவதால் எண்பலகையும் பின்விளக்குகளும் மறைகின்றனவா என்று பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்கி வைத்திருக்கிறோம். பின்னால் படகு இழுக்க நினைப்பவர்கள், இழுவைக் கொக்கியின் மேல் அமுங்கும் எடையும் அதே சுமைத்திறனிலிருந்துதான் கழியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

புறப்படுவதற்கு முன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அதே எடைமேடைக்குப் போனோம். இம்முறை நாங்கள் இருவரும் உள்ளே அமர்ந்திருந்தோம். முன் அச்சு 1,420. பின் அச்சு 1,510. மொத்தம் 2,930. வரம்புக்கு இன்னும் 120 கிலோ மீதம் இருந்தது. வெறும் வண்டியில் 1,330 இருந்த முன் அச்சு, இலேசாவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. சீட்டை மனைவியிடம் நீட்டினேன். அந்த 120 கிலோவில் தனக்கு ஒரு நல்ல தலையணைக்கு இடம் உண்டா என்று கேட்டாள்.

முதலில் கிராம்பியன்ஸ் மலைப்பகுதிக்கு இரண்டு இரவுகள், சோதனையாக. பிறகு மார்ச் மாதத்தில் டாஸ்மேனியா. கப்பலுக்கு முன்பதிவு செய்யும்போது நீளத்தையும் உயரத்தையும் கேட்கிறார்கள். எங்கள் நீளத்தில் எதுவும் கூடவில்லை. ஏறும்போது வாயு உருளையை மூடி வைக்க வேண்டும். டாஸ்மேனியாவின் பயிர்ப் பாதுகாப்பு விதிகளால் காய்கனிகளைக் கொண்டு இறங்க முடியாது. அதனால் டெவன்போர்ட்டில் இறங்கிய பிறகே வெங்காயம் முதற்கொண்டு வாங்கினோம். கிரேடில் மலையடிவாரத்தில் இரவு உறையும் அளவுக்குக் குளிர்ந்தபோது டீசல் சூடேற்றி தன் கடமையைச் செய்தது. மேற்குக் கரையின் வளைவுச் சாலைகளில் வண்டி எந்த இடத்திலும் என்னை அச்சுறுத்தவில்லை. திருப்பிய பக்கம் திரும்பியது, மிதித்த இடத்தில் நின்றது.

தீராத குறை ஒன்று இருக்கிறது. மண்சாலையில் போகும்போது கேம்பரின் பின்னால் காற்று வெற்றிடமாகித் தூசியை உள்ளிழுக்கிறது. பின்கதவின் அடிவிளிம்பு வழியாகவும், தொட்டியின் முன்மூலையில் வடிகால் துளை வழியாகவும் அது நுழைகிறது. ஒருமுறை நிறுத்திப் பார்த்தபோது மனைவியின் புதிய தலையணை செம்மண் நிறமாகியிருந்தது. கூரையில் முன்னோக்கித் திறக்கும் சிறு வாயில் அமைத்து, ஓடும்போது வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தினால் உள்ளழுத்தம் கூடித் தூசி நுழையாது என்று அந்தப் பல்லாரட் பெரியவர் தொலைபேசியில் சொன்னார். செப்டம்பரில் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் போவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும். கதவுக்கான ரப்பர் விளிம்பு நேற்று வந்து சேர்ந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாவிட்டால் கேம்பரை இறக்கி வைத்து வேலையைத் தொடங்குகிறேன்.